கான்கிரீட்டுக்குள் 50 லிட்டர் காற்று... தெரியுமா?

கான்கிரீட் என்றால் கல் மாதிரி. அதற்குள் காற்றுக்கு ஏது இடம் என்றுதான் நினைப்போம். ஆனால் உலகின் குளிர்நாடுகளில் காசு கொடுத்து மருந்து வாங்கி, அளந்து அளந்து, கான்கிரீட்டுக்குள் காற்றை ஏற்றுகிறார்கள்! நம் சேலம், நாமக்கல் சமவெளியிலோ அதே காற்றை வைப்ரேட்டர் விட்டு விரட்டுகிறோம். இரண்டுமே சரி! எப்படி? மேட்டூர் சாம்பல், சேலத்து வெள்ளைக்கல், ராசிபுரம் ஜவ்வரிசிக் களம், நாமக்கல் முட்டை என்று நம் ஊர்ப் பொருள் ஒவ்வொன்றும் இந்தக் கதைக்குள் வந்து நிற்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அதிசயத்தைத் தொடங்கி வைத்தது மாட்டுக்கொழுப்பு!

1930-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு புதிர். குளிர்காலம் முடிந்தால் கான்கிரீட் சாலைகள் செதில் செதிலாக உரிந்துவிடும். ஆனால் சில சாலைகள் மட்டும் ஒன்றும் ஆகாமல் அப்படியே கிடந்தன. அதே குளிர், அதே லாரிகள், அதே உப்பு. என்ன ரகசியம்? தேடிப் போனவர்கள் சிமெண்ட் ஆலையில் போய் நின்றார்கள். சிமெண்டை நைசாக அரைப்பதற்காக மாட்டுக்கொழுப்பு போன்ற பொருளைக் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். அந்தக் கொழுப்பு, கலவை சுழலும்போது சோப்பு போல நுரைத்து, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்களை உள்ளே விட்டிருந்தது. அதுதான் சாலையைக் காப்பாற்றியிருக்கிறது! பிறகு பைன் மரத்தின் அடிக்கட்டையிலிருந்து எடுத்த பிசினையே இதற்கென்று மருந்தாகச் செய்து விற்றார்கள்.

2. எவ்வளவு காற்று தெரியுமா?

இப்படிக் காற்றேற்றிய கான்கிரீட்டில் சாதாரணமாக 4 முதல் 7 சதவீதம் காற்று. 5 சதவீதம் என்றே வையுங்கள். ஒரு கன மீட்டருக்கு 50 லிட்டர்! நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரை நிரம்பும். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் ஒரு மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள, கோடிகோடியான உருண்டைக் குமிழ்களாகப் பரவி நிற்கிறது. நாமக்கல் முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை அடித்தால் நுரை பொங்கி அப்படியே நிற்கிறதல்லவா? முட்டையின் புரதம் ஒவ்வொரு குமிழையும் சுற்றி ஒரு மெல்லிய படலம் கட்டி உடையாமல் காக்கிறது. கான்கிரீட்டுக்குள் மருந்து செய்வதும் அதே வேலைதான். புரதப் பொருட்களிலிருந்து எடுத்த உப்புகளும் இந்த மருந்து வகைகளில் ஒன்று என்பது கூடுதல் ஆச்சரியம்!

3. காற்று எப்படி உயிர் காக்கிறது?

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஊறிய நீர் உறையும்போது ஒதுங்க இடமில்லை என்றால், அழுத்தம் தாங்காமல் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். பக்கத்திலேயே ஒரு காற்றுக் குமிழ் இருந்தால்? நீர் அதற்குள் ஓடி ஒதுங்கிக்கொள்ளும். குமிழ் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 1940-களில் கணக்குப் போட்டவர் டி. சி. பவர்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். இன்று பொதுவாக ஏற்கும் அளவு, எந்த இடத்திலிருந்தும் 0.2 மில்லிமீட்டருக்குள் ஒரு குமிழ்! மொத்தக் காற்று எவ்வளவு என்பதைவிட, குமிழ்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம்.

4. நமக்கு இது தேவையே இல்லை!

சேலத்தில் மார்கழி இரவில்கூடத் தண்ணீர் உறையாது. ஏற்காட்டுக் குளிருக்கே அந்தச் சக்தி கிடையாது. தமிழ்நாட்டில் உறைபனி என்றால் நீலகிரி. இந்தியாவில் உண்மையாகவே காற்றேற்ற வேண்டிய இடங்கள் லடாக், காஷ்மீர், இமாசல மலைகள் போன்றவை. ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தரவிதியும் இதையே சொல்கிறது: நனைந்த நிலையில் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடக்கும் இடமாக இருந்தால், 20 மி.மீ. ஜல்லி போட்ட கலவையில் 4 முதல் 6 சதவீதம் காற்று இருக்கட்டும் என்கிறது. அந்த நிபந்தனையே நம் சமவெளியில் எழாது. உலகின் குளிர்நாட்டுப் பொறியாளர்கள் கிடைக்காதா என்று ஏங்கும் வரம் இது. ஏன் வரம் என்கிறேன்? அடுத்ததைப் படியுங்கள்!

5. ஒரு சதவீதக் காற்றுக்கு ஐந்து சதவீத பலம் போகும்!

காற்று சும்மா வருவதில்லை. பொதுக்கணக்காக, காற்று 1 சதவீதம் கூடினால் கான்கிரீட்டின் அழுத்த பலம் சுமார் 5 சதவீதம் குறையும். எம்-25 கலவைக்குள் வேண்டாத 4 சதவீதக் காற்று புகுந்தால், கையில் மிஞ்சுவது எம்-20 அளவுதான்! குளிர்நாட்டுக்காரர்கள் அந்த இழப்பைச் சரிக்கட்டச் சிமெண்டைக் கூட்டி, தண்ணீரைக் குறைக்கிறார்கள். நாம் அந்தச் செலவே செய்ய வேண்டியதில்லை.

6. காற்றில் இரண்டு சாதி உண்டு!

மருந்தால் வரும் உருண்டைக் குமிழ் ஒன்று. கலவையைக் கொட்டும்போது தானாகச் சிக்கிக்கொள்ளும் கோணல்மாணலான பெரிய காற்றுப்பை இன்னொன்று. கொட்டியவுடன், வைப்ரேட்டர் விடுவதற்கு முன், கலவையில் 5 முதல் 20 சதவீதம் வரை இந்தச் சிக்கிய காற்று இருக்கலாம்! ஒழுங்காக வைப்ரேட்டர் விட்ட பிறகு 20 மி.மீ. ஜல்லிக் கலவையில் 1 சதவீதம் மிஞ்சும் என்பது ஐ.எஸ். 10262:2019 போடும் கணக்கு. இடையில் வெளியேறாமல் தங்கியதுதான், பலகை பிரித்த பிறகு தூணின் அடியிலும் பீமின் ஓரத்திலும் தேன்கூடாகத் தெரிகிறது. வைப்ரேட்டர் ஊசியை நேராக இறக்கி, குமிழ் வருவது நின்றதும் மெதுவாக உருவ வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஊசி போன தடத்திலேயே காற்று மாட்டிக்கொள்ளும்.

7. வழவழப்புக்கும் காற்றுக்கும் ஜென்மப் பகை!

இந்தக் கட்டுரையின் உச்ச அதிசயம் இதுதான். காற்றேற்றிய கான்கிரீட்டை இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? மேல்தோல் மூடிக்கொள்ளும். உள்ளேயிருந்து எழும் காற்றுக்கும் நீருக்கும் வெளியே போக வழி அடைபடும். தோலுக்கு அடியிலேயே தேங்கும். சில மணி நேரத்தில் கொப்புளங்கள்! இன்னும் பரவினால் 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்தோல் தனியாகப் பிரிந்து, வண்டி ஏறிய அன்று தகடு தகடாகப் பெயரும். அதனால்தான் அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் தளம் பற்றிய வழிகாட்டி, கண்ணாடி போலத் தேய்க்கப் போகும் தளத்தில் மொத்தக் காற்று 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உறைபனியைத் தாங்க 5 சதவீதம் வேண்டும். வழவழப்புக்கு 3-க்கு மேல் கூடாது. குளிர்நாட்டில் வெட்டவெளித் தளம் போடுபவர் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நமக்கு அந்த இழுபறியே இல்லை!

8. ஜவ்வரிசிக் களத்தின் ரகசியம்!

அந்த வரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ராசிபுரம், ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலைக்குப் போங்கள். குச்சிக்கிழங்கைத் தோல் உரித்து, அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் படியவிட்டு, மாவாக்கி, குலுக்கி மணியாக்கி, வறுத்த பிறகு அது வந்து சேருமிடம் பரந்து விரிந்த சிமெண்ட் களம். பளபளக்கும் வெயிலில் வெள்ளை வெளேரென்று பரப்பி, பலகையால் தள்ளித் தள்ளிக் கிளறிவிடுவார்கள். நம் வாய்க்குப் போகிற பொருள்! களம் சொரசொரத்தால் மணி மாட்டும். மேல்தோல் மாவாக உதிர்ந்தால் சிமெண்ட் தூசு உணவோடு கலக்கும். அதனால் களம் திறந்த வெளியிலும் இருக்க வேண்டும், கரணை போட்டு இறுக்கித் தேய்த்தும் இருக்க வேண்டும். பனி விழும் நாட்டில் இந்த இரண்டையும் ஒரே தளத்தில் கேட்டால் பொறியாளர் தலையில் கை வைப்பார். சேலம், நாமக்கல்லில் இது அன்றாடம்! சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் களத்தைத் தேய்த்த கொத்தனாருக்கும் பங்கு உண்டு. மஞ்சள் வேகவைத்துக் காயப்போடும் களங்களுக்கும் இதே நியாயம்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிழங்குப் பால் புளித்தால் அமிலம். அமிலம் சிமெண்டைக் கரைக்கும். எனவே களத்தில் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் கொடுப்பதும், அன்றன்று கழுவிவிடுவதும் வழவழப்பைப் போலவே முக்கியம்.

9. சேலத்து வெள்ளைக்கல்லுக்கும் மணியாசுக் கட்டைக்கும் உறவு!

நம் கொத்தனார் கையில் இருக்கும் மரத்தாலான மணியாசுக் கட்டை, காற்றேற்றிய கலவையில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழித்துவிடும். அந்தக் கலவை பிசுபிசுக்கும். அதற்காகவே மேலைநாட்டில் தேய்ப்புப் பலகையை மக்னீசியம் உலோகத்தில் செய்கிறார்கள். லேசான உலோகம், வழுக்கிப் போகும், நுண்துளைகளை அடைக்காமல் விடும். அந்த மக்னீசியத்தின் கார்பனேட்தான் சேலத்தில் சாக் ஹில்ஸ் என்று பெயர் வாங்கிய வெள்ளைக்கல்!

இன்னும் கேளுங்கள். வெள்ளைக்கல்லைச் சுட்டெடுத்த மக்னீசியா, கடும் சூட்டைத் தாங்கும் உலைச்செங்கல் ஆகிறது. சிமெண்ட் சூளையில் சுமார் 1450 டிகிரியில் வெந்து புரளும் பகுதிக்குள் பதிப்பது இந்த வகைச் செங்கல்தான். ஆனால் அதே மக்னீசியா சிமெண்டுக்குள் அளவுக்கு மீறிப் போனால், தளம் இறுகிப் பல காலம் கழித்தும் மெல்லப் பெருத்து விரிசல் விடும். அதனால் சாதாரண சிமெண்டில் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தரவிதி. சூளைக்கு உள்ளே காவல், சிமெண்டுக்கு உள்ளே பகை!

10. மேட்டூர் சாம்பல் காற்றைத் தின்னும்!

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து கிடைக்கும் சாம்பல் போன்றவைதான் பி.பி.சி. சிமெண்டுக்குள் போகின்றன. அந்த சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். நல்ல பொருள். தளத்தின் சூட்டைக் குறைக்கும், நாள்பட நாள்பட இறுகும். ஆனால் சரியாக எரியாமல் தங்கிய கரித்தூள் அதில் இருந்தால், காற்றேற்றும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் 6 சதவீதம் வந்த காற்று மாலையில் 3 ஆகும். லடாக்கில் தளம் போடுபவருக்கு இது பெருந்தலைவலி. சேலத்தில் வீடு கட்டுபவருக்கு? கவலையே இல்லை! கரித்தூள் கூடினால் மேற்பரப்பில் கருப்புத் திட்டு மிதந்து நிறம் கெடுமே தவிர, காற்று போனதால் நமக்கு நஷ்டம் ஏதும் இல்லை.

11. அலுமினியம் கான்கிரீட்டைப் பொங்க வைக்கும்!

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் பல ஆண்டுகள் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அலுமினியம் ஈரச் சிமெண்டோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும்! முன்பு வெளிநாடுகளில் பம்ப்புக்கு அலுமினியக் குழாய் போட்டார்கள். ஜல்லி உராய்ந்து உராய்ந்து அலுமினியத் துகள் கலவையில் கலந்தது. கான்கிரீட் உள்ளேயே பொங்கி, பலம் வெகுவாகச் சரிந்தது. அன்றோடு அலுமினியக் குழாய்க்குத் தடை. இன்று பம்ப்புக்கு இரும்புக் குழாய்தான்.

ஆனால் அதே பொங்கலை வேண்டுமென்றே செய்தால்? அதுதான் ஏ.ஏ.சி. பிளாக்! 1920-களில் சுவீடனில் ஆக்செல் எரிக்சன் கண்டுபிடித்த முறை. அலுமினியத் தூளால் பொங்க வைத்து, நீராவியில் வேகவைத்த கல். ஒரு கன மீட்டர் 550 முதல் 650 கிலோதான் இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும் கல்!

12. ஒரு மணி நேரத்தில் 93 லிட்டர் தண்ணீர் மாயம்!

உறைபனி நமக்கு எதிரி இல்லை. வெயிலும் காற்றும் எதிரி. ஈரத் தளத்திலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியானாலே ஆபத்துக் கோடு. ஆயிரம் சதுர அடி மாடித்தளத்துக்குக் கணக்குப் போடுங்கள்: மணிக்கு சுமார் 93 லிட்டர்! கலவையிலிருந்து மேலே ஊறி வரும் நீர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால், இறுகுவதற்கு முன்பே மேல்தோல் சுருங்கிக் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விடும். சித்திரை வெயிலில் மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். அம்மியும் பறக்கும் ஆடிக்காற்று, வெயில் தணிந்த நாளிலும் இதே வேலையைச் செய்யும். அதிகாலையில் தொடங்குவதும், காற்று வீசும் பக்கம் படுதா கட்டுவதும், தேய்த்து முடித்த இடத்தை உடனே ஈரச்சாக்கால் மூடுவதும் செலவில்லாத வைத்தியம்.

13. பளபளப்பு மறையும் நொடிதான் முகூர்த்தம்!

தளம் போட்டு மட்டக்கோலால் இழுத்து முடித்ததும் உட்கார்ந்து மேற்பரப்பைப் பக்கவாட்டில் பாருங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் ஊறி, தளம் முழுக்கக் கண்ணாடி போல மின்னும். மேலூறிய நீர் அது. இப்போது கரணை வைத்தால் அந்தத் தண்ணீர் திரும்பத் தோலுக்குள்ளேயே கலந்து, மேல் மூன்று மில்லிமீட்டர் வெறும் சிமெண்ட் பாலாகிவிடும். காய்ந்தபின் விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் வரும். பொறுங்கள். பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கும். வெயில் படும் பக்கம் முதலில், சுவர் நிழல் விழும் பக்கம் கடைசியில். முழுக்க மங்கியதும் ஒரு காலை ஊன்றிப் பாருங்கள். செருப்புத் தடம் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குப் பதிந்தால் மணியாசுக் கட்டைக்கு நேரம் வந்துவிட்டது. தடம் லேசாக மட்டுமே தெரியும்போதுதான் இரும்புக் கரணை.

அவசரத்தில் உலர்ந்த சிமெண்டைத் தூவி ஈரத்தை உறிஞ்சவைப்பது நம் பக்கம் பழகிப்போன குறுக்குவழி. அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். அடியில் சிக்கிய நீரும் காற்றும் அடுத்த கோடைக்குள் தோலை உரித்துவிடும். இதைச் செய்யவே செய்யாதீர்கள்!

14. தண்ணீரை உறிஞ்சும் மெஷினும் உண்டு!

குடோன், பட்டறைத் தளங்களில் "ட்ரிமிக்ஸ்" போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவீடனில் பிறந்த முறை. புதுத்தளத்தின் மேல் வடிகட்டித் துணியும் பாயும் விரித்து, பம்ப் வைத்து உபரித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். காத்திருக்க வேண்டிய நேரம் குறைகிறது, தோல் இறுகுகிறது, உடனே பவர் ட்ரவல் என்ற மெஷின் கரணையை ஓட்டலாம். லாரி ஏறி இறங்கும் சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளுக்குப் பொருத்தமான தளம்.

15. எல்லாத் தளமும் வழுக்கக் கூடாது!

தெருவில் போடும் சிமெண்ட் சாலையைக் கரணையால் தேய்ப்பதே தவறு. மழையில் டூவீலர் சறுக்கும். மட்டம் பார்த்தபின் துடைப்பத்தைக் குறுக்காக ஒரே சீராக இழுத்து வரி போட்டால் போதும். தோல் மூடாததால் நீரும் காற்றும் தாமாக வெளியேறும், உரிதலும் குறையும். வாசல் சரிவு, கார் நிறுத்துமிடம், மாட்டுக்கொட்டகை, எல்லாவற்றுக்கும் வரித்தளமே பத்திரம்.

16. சங்கிலி இழுத்தால் தளம் பேசும்!

தோல் உள்ளே பிரிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு இரும்புச் சங்கிலியைத் தளத்தின் மேல் இழுத்துக்கொண்டே நடங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஒலி வரும். பிரிந்த இடத்தில் பொத்தென்று வெற்றொலி. அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். சுத்தியலால் தட்டினாலும் தெரியும். பாலங்களின் மேல்தளத்தைச் சோதிக்கப் பொறியாளர்கள் கையாளும் முறையும் இதேதான்!

17. கேட்காமலே காற்று வரலாம்!

ரெடிமிக்ஸில் கலக்கும் சில பிளாஸ்டிசைசர் மருந்துகள் தாமாகவே கொஞ்சம் நுரைக்கும். அதை அடக்க நுரையொழிப்பானும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். மருந்தின் அளவு மீறினால் காற்றும் மீறும். கலவை வழுக்கட்டும் என்று சோப்புத்தூள் போடுவது இன்னும் மோசம். எவ்வளவு காற்று ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அளந்து பார்க்க வழி உண்டு. மூடிய பாத்திரத்தில் கலவையை நிரப்பி அழுத்தம் கொடுத்தால், காற்று மட்டும்தான் சுருங்கும், கல்லும் நீரும் சுருங்காது. எவ்வளவு சுருங்கியது என்பதிலிருந்து எவ்வளவு காற்று என்று மீட்டர் காட்டிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதியேதான்!

கான்கிரீட் போடும் நாளில் மறக்கக் கூடாதவை

• ரெடிமிக்ஸ் சொல்லும்போதே "காற்றேற்றும் மருந்து வேண்டாம், கரணை போட்டுத் தேய்க்கப் போகிற தளம்" என்று சொல்லிவிடுங்கள்.

• வண்டி வந்தபின் கலவையில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். ஊற்றிய தண்ணீர் மேலே ஊறி வந்து காத்திருக்கும் நேரத்தைக் கூட்டும்.

• ஊறிய நீர் வற்றாமல் கரணை கூடாது. உலர் சிமெண்ட் தூவக் கூடாது.

• பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். வெயில் காலத்திலும் பி.பி.சி. சிமெண்டுக்கும் குறைந்தது 10 நாள். 14 நாள் என்றால் இன்னும் நல்லது.

• கடைசியாக ஒன்று. சாயங்காலம் ஆகிவிட்டது, ஆள் கிளம்ப வேண்டும், சீக்கிரம் தேய்த்து முடியுங்கள் என்று கொத்தனாரை விரட்டாதீர்கள். குளிர்நாட்டுக்காரருக்குக் கிடைக்காத வரம் நமக்குக் கிடைத்திருக்கிறது: பலமும் வழவழப்பும் ஒரே தளத்தில். அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை ஒன்றிரண்டு மணி நேரக் காத்திருப்பு மட்டுமே. அந்த நேரத்துக்கான கூலியைச் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவிலேயே பெரிய லாபம் அதில்தான்!